கெட்டவனுக்காக மனம் இரங்கலாமா? குற்றத் தொடர் பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோலாலம்பூர் செந்தூலில் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் இலக்கியம் டியூஷன் எடுக்கிறேன். சிலப்பதிகாரத்தில் தொடங்கும் பேச்சு பாதி நாள் நேற்று ராத்திரி பார்த்த தொடரில் போய் நிற்கும். பிள்ளைகள் கேட்கிற அதே கேள்வியை, அவர்களை ஏற்றிப்போக வரும் அம்மா அப்பாக்கள் வாசலில் நின்றபடி வேறு குரலில் கேட்பார்கள். அடிக்கடி வருகிறவற்றை இங்கே எழுதிவைக்கிறேன். சில கதைகளின் முடிவு வெளிப்பட்டுவிடும். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

கொலைகாரன் செத்துப்போனதற்கு அழுதுவிட்டேன், டீச்சர். எனக்கு ஏதும் கோளாறா?

இல்லை. உங்களை அழவைக்கத்தான் அத்தனை பேர் மெனக்கெட்டு எழுதியிருக்கிறார்கள். எப்படி அழவைத்தார்கள் என்று பார்ப்போம்.

'பிரேக்கிங் பேட்' தொடரை எடுத்துக்கொள்கிறேன். 2008 முதல் 2013 வரை 62 பாகங்கள் வந்தது. அமெரிக்காவின் அல்புகர்க்கி நகரில் ஒரு வேதியியல் ஆசிரியர். நுரையீரலில் புற்றுநோய். தான் போனபின் குடும்பத்துக்குப் பணம் வேண்டுமே என்று போதைப்பொருள் காய்ச்சத் தொடங்குகிறார். முதல் பாகத்திலேயே ஒரு காட்சி வரும். பள்ளி முடிந்ததும் அவர் கார் கழுவும் கடையில் இரண்டாம் வேலை பார்க்கிறார். ஒருநாள் கீழே குனிந்து சக்கரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, அந்தக் கார் தன் வகுப்பில் படிக்கும் பையனுடையது என்று தெரிகிறது. பையன் சிரிக்கிறான். பகலில் அலுவலகம், இரவில் கிராப் வாடகைக் கார் என்று ஓடும் அப்பாவைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அந்த ஒரு காட்சி போதும். அதற்குப் பிறகு அந்த மனிதர் என்ன செய்தாலும் நாலைந்து பாகங்களுக்கு மன்னிப்பு முன்பணமாகக் கிடைத்துவிடும்.

தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் அழுகை பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்வது, இழப்பது, முன்பிருந்த நிலை குலைவது, கையில் இல்லாமல் போவது. அந்த ஆசிரியருக்கு நான்கையும் முதல் சில பாகங்களுக்குள் கொடுத்துவிடுகிறார்கள். அவர் ஒருகாலத்தில் நண்பர்களோடு நிறுவனம் தொடங்கியவர், பங்கை 5,000 டாலருக்கு விற்றுவிட்டு வந்தவர், பிறகு அந்த நிறுவனம் கோடிகளில் புரண்டது என்பது அசைவு. பட்டியலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். அழப்படுகிறவன் நல்லவனா என்ற கேள்வியே அதில் கிடையாது.

மற்ற வேலைகளும் நடக்கின்றன. அவருக்கு எதிரே வருகிற ஒவ்வொருவனும் அவரைவிடக் கொடியவனாக இருப்பான். அவருடைய ரகசியம் வீட்டில் யாருக்கும் தெரியாது, நமக்கு மட்டும் தெரியும். ரகசியம் தெரிந்தவர் பாதிக் கூட்டாளி ஆகிவிடுகிறார். போதாததற்கு, செய்கிற வேலையில் மனிதர் கெட்டிக்காரர். கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க யாருக்குத்தான் பிடிக்காது?

இரங்கினால் அவன் செய்ததை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகாதா?

ஆகாது. ஆனால் ஒன்று இன்னொன்றாக மாறிவிடும் ஆபத்து உண்டு. திரைப்பட ஆய்வாளர் முர்ரே ஸ்மித் 1995இல் எழுதிய நூலில் இதைப் பிரித்துக் காட்டினார். ஒரு பாத்திரத்தோடு கூடவே நடந்து, அது பார்ப்பதைப் பார்த்து, அது அறிவதை அறிவது ஒன்று. அதன் பக்கம் நின்று, அது செய்வது சரி என்று கட்சி சேர்வது வேறு. முதலாவதை இயக்குநர் தானாகவே நடத்திவிடுவார், கேமரா அவர் கையில். இரண்டாவதற்கு நம் சம்மதம் வேண்டும். நாம் கவனிக்காதபோது அந்தச் சம்மதத்தையும் எடுத்துக்கொள்வார்கள்.

வகுப்பில் இதை விளக்க எனக்குக் கோவலன் போதும். கைப்பிடித்த மனைவியை விட்டுப்போனவன், குடும்பச் சொத்தைக் கரைத்தவன். இளங்கோவடிகள் இதில் ஒன்றையும் மறைக்கவில்லை. ஆனாலும் மதுரைத் தெருவில் அவனை வெட்டும் இடத்தில் வகுப்பு அமைதியாகிவிடும். அதற்குச் சற்று முன்னால், கொலைக்களக் காதையில், கண்ணகி தன் கையால் சமைத்து அவனுக்குச் சோறு போடுகிறாள். அவன் தன் பழைய நடத்தையைச் சொல்லி வருந்துகிறான். அவள் "பரவாயில்லை, விடுங்கள்" என்று சொல்வதில்லை. நீங்கள் நடந்துகொண்டது தகாத ஒழுக்கம் என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள். சோறும் போட்டாள், தப்பையும் சொன்னாள். சிலம்பையும் கழற்றிக் கொடுத்தாள். தொடர் பார்க்கிற நாம் இவ்வளவு நிதானமாக இருந்தால் இந்தப் பக்கத்துக்கே வேலை இல்லை.

சரி, எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும்?

எல்லாருக்கும் பொதுவாக ஒரு கோடு போட முடியாது. மேலே சொன்ன தொடரின் இரண்டாம் பருவத்தில், ஆசிரியரின் கூட்டாளியுடைய காதலி போதை மயக்கத்தில் வாந்தியெடுத்து மூச்சுத் திணறுகிறாள். இவர் பக்கத்தில் நிற்கிறார். ஒருக்களித்துப் படுக்கவைத்தால் பிழைத்துவிடுவாள். அவள் போய்விட்டால் தனக்கு வசதி என்பதால் அப்படியே நிற்கிறார். என் மாணவர்களில் சிலர் அந்த இரவோடு அவரை விட்டுவிட்டார்கள். சிலர் கடைசிவரை கூடப் போனார்கள். கூடப் போனவர்களை நான் குறை சொல்வதில்லை.

நான் கேட்பது வேறு கேள்வி: இந்த ஆளுக்காக நீங்கள் யாரை வெறுக்கத் தொடங்கியிருக்கிறீர்கள்?

அந்தத் தொடரில் மனைவி ஸ்கைலர். கணவன் பொய் சொல்கிறான் என்று மோப்பம் பிடிக்கிறவள், பிள்ளைகளை அவனிடமிருந்து தள்ளிவைக்கப் பார்க்கிறவள். நியாயமாகப் பார்த்தால் அந்த வீட்டில் பைத்தியம் பிடிக்காமல் இருக்கப் போராடும் ஒரே ஆள். ஆனால் உலகம் முழுக்க ரசிகர்கள் திட்டித் தீர்த்தது அவளைத்தான். அந்த வேடத்தில் நடித்த அன்னா கன் 2013 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸில் இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். வெறுப்பு பாத்திரத்தைத் தாண்டித் தன்மேலேயே பாய்ந்தது, தன்னைக் கொல்வதைப் பற்றிக்கூட ஒருவர் இணையத்தில் எழுதினார் என்று அதில் சொல்கிறார். அடுத்த மாதம் கடைசிப் பாகம் வந்தது. அதில் அந்த மனிதர் தன் மனைவியிடமே ஒப்புக்கொள்கிறார்: எல்லாம் எனக்காகத்தான் செய்தேன், எனக்குப் பிடித்திருந்தது. "குடும்பத்துக்காகத்தானே செய்தார்" என்று ஐந்து பருவங்கள் வாதாடிய ரசிகர்களுக்கு அதற்குமேல் வக்காலத்து வாங்க என்ன இருந்தது? (என் தங்கைக்கு இன்றுவரை ஸ்கைலரைப் பிடிக்காது. தீபாவளிக்கு வந்தால் இதே சண்டை.)

இரங்குவதில் தப்பில்லை. ஒருவன்மேல் வைத்த இரக்கம் இன்னொருத்தியிடமிருந்து பிடுங்கியதாக இருந்தால், அங்கே நம்மை யாரோ ஓட்டிக்கொண்டு போகிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். இன்னொரு அமெரிக்கத் தொடரான 'தி சோப்ரானோஸ்' இதற்கு உள்ளேயே ஓர் ஆளை வைத்திருக்கிறது. மாஃபியா தலைவனின் புலம்பலை வருடக்கணக்கில் பொறுமையாகக் கேட்கும் மனநல மருத்துவர். 2007இல் வந்த கடைசிக்கு முந்தைய பாகத்தில், இனி வராதே என்று கதவைச் சாத்துகிறார். தன் இரக்கம் அவனைத் திருத்தவில்லை, இன்னும் சாமர்த்தியசாலி ஆக்கியிருக்கிறது என்று புரிந்தபிறகு.

நம்ம தமிழ்ப் படத் தாதாக்கள் மட்டும் யோக்கியமா?

எல்லாரையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம். 1987இல் வந்த 'நாயகன்' படத்தை எத்தனையோ பேர் தாதா புகழ்பாட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மறுபடி பாருங்கள். கதாநாயகன் ஒரு போலீஸ்காரரைக் கொல்கிறான். பிறகு அந்த வீட்டுக்குப் போகிறான். அங்கே விதவை, மூளை வளர்ச்சி குன்றிய மகன். அந்தக் குடும்பத்தைத் தானே தாங்குகிறான். மகன் வளர்ந்து, விஷயம் தெரிந்து, கடைசியில் அவன்தான் சுடுகிறான். செத்தவனின் பிள்ளையைப் படம் கடைசி ரீல் வரை மறக்கவே இல்லை. பேரன் கேட்கும்போது, தான் நல்லவனா கெட்டவனா என்று தாத்தாவுக்கே பதில் தெரியவில்லை. இப்படிப்பட்ட படத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் அழலாம்.

எனக்கு ஆகாதது இன்னொரு வகை. இருபது பேர் வெட்டுப்பட்டு விழுவார்கள், ஒருவனுக்கும் பெயர் இருக்காது, அம்மா இருக்க மாட்டாள். மெதுவாக நடந்து வரும் நாயகனுக்கு மட்டும் பின்னணி இசை. அங்கே இரக்கம் என்ற பேச்சே இல்லை, வெறும் ஆராதனைதான். இந்த வகையைச் சென்னைக்காரர்கள் மட்டும் எடுப்பதாக நினைக்க வேண்டாம். இங்கே வரும் சில குறும்படங்களும் அதே அச்சு, அரிவாளுக்குப் பதில் பாராங் கத்தி.

உள்ளூரில் சரியாகச் செய்துகாட்டிய படம் 'ஜகாட்'. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015இல் வந்தது. 2016 மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. தோட்டத்தை விட்டு வெளியே வந்த ஒரு குடும்பம், அப்போய் என்ற கெட்டிக்காரப் பையன், படி படி என்று அடிக்கும் அப்பா, குண்டர் கும்பலில் ஒரு சித்தப்பா. பையன் எந்தப் பக்கம் சாய்வான் என்று பதறிக்கொண்டே பார்ப்போம். அவன்மேல் வரும் இரக்கத்தோடு, அந்தப் பள்ளிக்கூடத்தின்மேலும் அந்த அடியின்மேலும் கோபம் வரும்.

முடிவில் தண்டனை கிடைத்துவிட்டால் சரியாகிவிடும் இல்லையா?

தணிக்கைக்காரர்களின் பழைய நம்பிக்கை இது. ஹாலிவுட்டில் 1930இல் எழுதி, 1934 முதல் கறாராக நடைமுறைப்படுத்தி, 1968 வரை ஓடிய 'ஹேஸ் விதிகள்' இதையே சொல்லின: பார்வையாளரின் அனுதாபம் ஒருபோதும் குற்றத்தின் பக்கம் போகக் கூடாது. எடுப்பவர்கள் என்ன செய்தார்கள்? படம் முழுக்கக் குற்றவாளியைக் கவர்ச்சியாகக் காட்டிவிட்டு, கடைசியில் சுட்டுத் தள்ளினார்கள். விதி நிறைவேறியது, அனுதாபமும் வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

நம் ஊர் உதாரணம் இன்னும் ருசி. 2016 ஜூலையில் வெளியான 'கபாலி', கோலாலம்பூரில் நடக்கும் கதை. மூலப் படத்தில் கடைசியில் ஒரு துப்பாக்கிச் சத்தம் மட்டும் கேட்கும், என்ன ஆனது என்று நாமே நினைத்துக்கொள்ள வேண்டும். மலேசியாவில் ஓடிய பிரதியில், கபாலி போலீசில் சரணடைந்துவிட்டதாகத் திரையில் எழுத்து வந்தது. இரண்டரை மணி நேரம் கோட்டு சூட்டோடு நடந்தவரை இரண்டு வரியில் திருத்திவிட்டார்கள். எந்தப் பிள்ளையாவது தியேட்டரை விட்டு வரும்போது அந்த எழுத்தைப் பேசிக்கொண்டு வந்ததா? நடையைத்தான் பேசினார்கள்.

தண்டனை கதைக்குள்ளிருந்து வந்தால் கனமாக இருக்கும். வெளியிலிருந்து ஒட்டினால் விலைச்சீட்டு மாதிரி தொங்கும்.

என் மகன் ரவுடி வசனமாகவே பேசுகிறான். தொடரை நிறுத்திவிடவா?

பயம் நியாயமானது. இது சும்மா கற்பனை ஊர் இல்லை. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 கும்பல்களைச் சட்டவிரோதமானவை என்று பட்டியல் போட்டு அறிவித்தது. 04, 08, 36 என்று வெறும் எண்ணையே பெயராகக் கொண்டவையும் அதில் உண்டு. அந்த எண்களை மேசையில் பேனாவால் கிறுக்கி வைக்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் பையன்கள் கும்பலுக்குப் போவது தொடர் பார்த்து அல்ல. பள்ளியில் அடி வாங்கும்போது காப்பாற்ற ஓர் அண்ணன் கிடைக்கிறான். வகுப்பில் பின்வரிசையில் விட்டுவிட்டார்கள். வீட்டில் பேச ஆளில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயம் என்ற தொழிலாளர் வீட்டு வரிசையை விட்டு நகரத்துக்கு வந்த குடும்பங்களில், முன்பு கோயிலும் திடலும் சேர்த்துப் பிடித்துவைத்திருந்த பையன்களை அடுக்குமாடியின் கீழ்த்தளம் பிடித்துக்கொண்டது. தொடர் இதற்குச் சட்டை மாட்டிவிடும், அவ்வளவுதான்.

எனவே தடுப்பதைவிடப் பக்கத்தில் உட்காருங்கள். நான் வகுப்பில் செய்வது இது: தொடரில் மூன்று நொடியில் சுடப்பட்டு விழும் ஒருவனைத் தேர்ந்தெடுத்து, அன்று ராத்திரி அவன் வீட்டில் என்ன நடந்தது என்று ஒரு பக்கம் எழுதச் சொல்வேன். வசனம் பேசித் திரிந்த, படிவம் மூன்றில் படிக்கும் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் எழுதினான்: "அம்மா கதவைப் பூட்டவில்லை. மோட்டார்சைக்கிள் கடன் இன்னும் பதினோரு மாதம் கட்ட வேண்டும். தம்பி அண்ணனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டான்." எழுத்துப்பிழை நிறைய. நான் ஒன்றையும் திருத்தவில்லை.

நிஜக் குற்றவாளிகளைப் பற்றிய தொடர்களுக்கும் இதே பதிலா?

இல்லை. அங்கே செத்தவர்கள் நிஜமாகச் செத்தவர்கள், அவர்களுடைய வீட்டார் உயிரோடு இருக்கிறார்கள். 2022இல் அமெரிக்கத் தொடர்கொலைகாரன் டாமர் பற்றி நெட்ஃபிளிக்ஸில் தொடர் வந்தபோது, பலியானவர்களின் உறவினர்களே வெளிப்படையாக எதிர்த்தார்கள். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றார்கள். நம் ஊரில் பொட்டாக் சின் கதை இருக்கிறது. 70களில் கோலாலம்பூரைக் கலக்கிய ஆயுதக் கொள்ளையன், 1981இல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டவன். ஏழைக்குக் கொடுத்தவன் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. அவன் கும்பல் சுட்டதில் செத்தவர்களின் பெயரைக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

எனக்கு இரக்கமே வரவில்லை. நான் கல்மனசுக்காரியா?

மோட்டாரில் வந்தவன் பறித்துக்கொண்டு போன சங்கிலியோடு ரோட்டில் இழுபட்டு விழுந்த ஒரு பெண்மணி என்னிடம் இதைக் கேட்டார். யாருக்கும் கடன்பட்டு இரங்கவேண்டியதில்லை, அக்கா. சேனலை மாற்றுங்கள்.

அம்மா இதையெல்லாம் பார்க்காதே என்கிறார். அவர் பார்ப்பது மட்டும்?

சாயங்கால நெடுந்தொடரில் மாமியார் பாலில் விஷம் கலப்பார், மருமகள் மாடிப்படியில் எண்ணெய் ஊற்றுவாள். அதைப் பார்த்துக்கொண்டே பஜ்ஜி சாப்பிடுகிறவரிடம் இந்த விவாதத்தில் ஜெயிக்க முடியாது. முயற்சிக்காதீர்கள்.

திரையில் இரங்குவது நிஜத்திலும் இரங்கக் கற்றுத்தருமா?

தானாகக் கற்றுத்தருவதை நான் பார்த்ததில்லை. 2022 ஏப்ரலில் ஈப்போவைச் சேர்ந்த ஒரு தமிழ் இளைஞர் சிங்கப்பூரில் தூக்கிலிடப்பட்டார். 2009இல் 42.72 கிராம் ஹெராயினைத் தொடையில் கட்டிக்கொண்டு எல்லையில் பிடிபட்டவர். அவருடைய அறிவுத்திறன் அளவு 69 என்று வழக்கில் பதிவாகியிருந்தது. கோலாலம்பூரில் சிங்கப்பூர்த் தூதரகத்தின் முன்னால் மெழுகுவர்த்தியோடு நின்றவர்கள் உண்டு. "செய்தால் அனுபவிக்க வேண்டியதுதான்" என்று கைப்பேசியில் தட்டிவிட்டுப் போனவர்களும் உண்டு. அப்படித் தட்டியவர்களில் இருவர், கிலோக் கணக்கில் காய்ச்சிய வேதியியல் ஆசிரியருக்காக என் முன்னால் கண் கலங்கியவர்கள். அந்த ஆசிரியருக்கு 62 பாகம் கிடைத்தது. இந்தப் பையனுக்குச் செய்தியில் ஒரு பத்தி.

சிம்பாங் ரெங்கம் சிறையிலிருந்து திரும்பி வருகிறவன் கதையும் இதேதான். வாடகைக்கு அறை கிடையாது, கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கும். அவன் செய்ததை மறக்கச் சொல்லவில்லை. அவன் கையால் அடிபட்டவர்கள் அதே தாமானில், அதாவது அதே குடியிருப்பில், இருக்கலாம், அவர்களை முதலில் கேட்க வேண்டும். ஆனால் தொடர் நாயகனுக்குக் கொடுத்த பொறுமையில் ஒரு பாகத்தின் அளவாவது இவனுக்கும் இருக்கிறதா என்று என் மாணவர்களைக் கேட்பேன். பெரும்பாலும் பேச்சு அங்கே நின்றுவிடும்.

எந்த வயதில் பார்க்கவிடலாம்?

தியேட்டரில் ஓடுவதற்குத் திரைப்படத் தணிக்கை வாரியத்தின் வகைப்பாடு இருக்கிறது, 18 என்று போட்டிருந்தால் 18தான். வீட்டில் ஸ்ட்ரீமிங்கில் வருவது அந்த வாரியத்தின் கைக்குள் இல்லை, அங்கே நீங்கள்தான் வாரியம். என் கணக்கில் படிவம் நான்குக்கு முன்னால் தனியாக வேண்டாம், அதற்குப் பிறகு கூட உட்கார்ந்து பார்க்கலாம். ஒவ்வொரு கணக்குக்கும் ரகசிய எண் போடும் வசதி அமைப்புகளில் இருக்கிறது. உங்கள் பிறந்த வருடத்தைப் போடாதீர்கள். அதைத்தான் முதலில் போட்டுப் பார்க்கிறார்கள், என்னிடமே சொன்னார்கள்.